மாடித் தோட்டத்துக்கு வந்த அந்த ஈ... யார் தெரியுமா?

அவரைக்கொடியின் இலையில் பளபளக்கிறது ஒரு பச்சை ஈ. துளசிப் பூவுக்கு மேலே, அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது மஞ்சள் பட்டை போட்ட இன்னொன்று. குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் மூன்றாவது. மூன்றையும் ‘ஏதோ ஒரு ஈ’ என்று கையை வீசி விரட்டிவிடுகிறோம். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள் என்பது தெரியுமா? உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட ஈ இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்! கொசுவும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆமாம், கொசுவும் ஒரு வகை ஈதான்!

ஈக் கூட்டத்தின் வயது? சுமார் 24 கோடி ஆண்டுகள்! பாறைக்குள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறது. மனிதன் வந்ததெல்லாம் நேற்று!

இறக்கையை எண்ணுங்கள்!

பெயர் தெரியாத பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தால், அது ஈதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் இறக்கையை எண்ணினால் போதும்! தேனீக்கு 4, குளவிக்கு 4, பட்டாம்பூச்சிக்கு 4. ஈக்கு மட்டும் 2!

மீதி இரண்டு எங்கே போயின? அங்கேயேதான் இருக்கின்றன! பின்னிறக்கைகள் சுருங்கிச் சுருங்கி, தீக்குச்சி போலத் தலை தடித்த இரண்டு குட்டிக் குச்சிகளாகிவிட்டன. பறக்கும்போது இறக்கை மேலே போனால் இவை கீழே வரும், இறக்கை கீழே வந்தால் இவை மேலே போகும். உடல் ஒரு துளி சாய்ந்தாலும் உடனே மூளைக்குத் தகவல்! இவற்றை நீக்கிவிட்டால் ஈயால் நேராகப் பறக்க முடியாது. இதை எப்போது கண்டுபிடித்தார்கள் தெரியுமா? வில்லியம் டெர்ஹாம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1714-லேயே எழுதி வைத்துவிட்டார்! ஆகாய விமானம் வர இன்னும் 189 ஆண்டுகள் பாக்கி!

மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுக்கொண்டு வந்தால் அது குளவிதானே? இல்லவே இல்லை! பூவுக்கு மேலே அப்படியே நின்று, சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடியும் நின்றால், அது பெரும்பாலும் சிர்பிட் ஈ. குளவி வேஷம் கட்டிக்கொண்டு பறவைகளை ஏமாற்றுகிறது. கொட்டுமா? கொட்டவே கொட்டாது! ஒன்றரை லட்சம் ஈ இனங்களில் ஒன்றுக்குக்கூட வாலில் கொடுக்கு கிடையாது! (கடிக்கிற ஈக்கள் உண்டு. அந்த வேலையை எல்லாம் வாய்தான் செய்யும்.)

இந்தச் சிர்பிட் ஈயின் இறக்கையை உற்றுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. மற்ற நரம்புகளோடு எங்கும் சேராமல், நடுவில் ஒரு பொய் நரம்பு ஓடும்! வெறும் மடிப்புதான். நரம்பு மாதிரி நடிக்கிறது! நிபுணர்கள் இதை வைத்துத்தான் குடும்பத்தையே கண்டுபிடிக்கிறார்கள். இதன் புழு என்ன சாப்பிடும் தெரியுமா? அவரைக்கொடியில் அப்பிக்கிடக்கும் அசுவினிகளை! வளர்ந்து முடிவதற்குள் ஒரு புழு நூற்றுக்கணக்கில் தின்று தீர்த்துவிடும். அந்தப் புழுவைத்தான் நாம் ‘ஐயோ, செடியில் புழு’ என்று நசுக்கிவிடுகிறோம்!

இத்தனூண்டு ஈ கடல் தாண்டிப் பயணம் போகிறது என்றால் நம்ப முடிகிறதா? இங்கிலாந்தின் தெற்குப் பகுதி வானத்தை ஆராய்ச்சியாளர்கள் ராடார் வைத்து அளந்தார்கள். அதைத் தாண்டிப் போகும், வரும் சிர்பிட் ஈக்கள் ஆண்டுக்கு எத்தனை? 400 கோடி வரை! 2019-ல் வெளியான கணக்கு இது!

செத்த மாட்டிலிருந்து தேனீ பிறக்குமா?

பிறக்கும் என்று பழைய ரோமாபுரியில் நம்பினார்கள்! மாட்டை அடித்து ஓரிடத்தில் போட்டுவைத்தால் அதிலிருந்து தேனீக்கூட்டம் கிளம்பும் என்று கவிஞர் வர்ஜில் தன் கவிதை நூலிலேயே எழுதியிருக்கிறார். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் இந்தக் கதை ஓடியது. முடித்து வைத்தவர் யார் தெரியுமா? ஒரு ரஷ்ய தூதரக அதிகாரி! நியூயார்க்கில் ரஷ்யாவின் துணைத் தூதரகத் தலைவராக இருந்தவர் ஆஸ்டன் சாக்கன். வேலை அரசியல், ஆசை முழுக்க ஈ! அழுகலில் இருந்து கிளம்பியது தேனீ அல்ல, தேனீ வேஷம் போட்ட ஒரு ஈ என்று 1894-ல் ஒரு நூலே எழுதினார்.

தேனீயைப் போலவே உடம்பு, அதே பழுப்பு நிறம், அதே பூ. இறக்கை மட்டும் இரண்டு! ரோமாபுரியில் யாராவது ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தால் எத்தனை மாடு பிழைத்திருக்கும்! இந்த ஈயின் புழு சாக்கடை நீருக்குள் கிடந்தபடி, உடலைவிடப் பல மடங்கு நீளும் வால் குழாயை மேலே நீட்டி மூச்சு விடுகிறது!

ஆணா, பெண்ணா? முகத்தைப் பாருங்கள்!

பல ஈ இனங்களில் ஆணின் இரண்டு கண்களும் நடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அவ்வளவுதான் ரகசியம்! குதிரை ஈயின் கண்களில் பச்சை, ஊதா, செம்பு நிறங்களில் கோடுகள் மின்னும். ஈ செத்துக் காய்ந்தால் அந்த நிறம் போய்விடும்! அதனால் பெட்டியில் குத்தி வைத்த ஈயைவிட, உயிரோடு எடுத்த படம் சில சமயம் அதிகம் சொல்லும்.

இரண்டு கண்களுக்கு நடுவே உச்சியில் ஆழமாகப் பள்ளம், முகத்தில் புசுபுசுவென்று மீசை, முள்ளு முள்ளாகக் கால்கள். இப்படி ஒன்று குச்சி நுனியில் உட்கார்ந்திருக்கிறதா? அது கொள்ளைக்கார ஈ! பறக்கிற பூச்சியைப் பறந்தபடியே பிடிக்கும். நஞ்சு கலந்த எச்சிலைக் குத்தி ஏற்றும். உள்ளே இருப்பதெல்லாம் கூழானதும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, கூட்டைத் தூக்கிப் போட்டுவிடும்! குளவியும் தேனீயும் தும்பியும்கூட இதற்கு இரையாவது உண்டு. அந்த மீசை எதற்கு? இரை துள்ளும்போது முகத்தில் அடிபடாமல் இருக்க!

பளிச்சென்று ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? வெறும் இலை! அவரை இலையில் பார்த்தோமே, நீளக் கால்களோடு பச்சையாக மின்னும் அந்தக் குட்டி ஈ, அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை அமெரிக்காவில் ஃபிளாஷ் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டு 5 மில்லி நொடிக்குள் துள்ளிவிட்டது! ஒரு நொடியை 200 பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு! சாதாரண வீட்டு ஈ மட்டும் லேசுப்பட்டதா? நம் கண்ணுக்கு நொடிக்கு 60 மினுக்கலுக்கு மேல் போனால் எல்லாம் ஒரே வெளிச்சமாகத் தெரியும். வீட்டு ஈயோ சுமார் 250 வரை தனித்தனியாகப் பார்க்கும்! நாம் ஓங்கும் கை அதற்கு ஆடி அசைந்து வருகிறது. பிறகு எப்படி அடிபடும்?

குளியலறைச் சுவர் ஈயை மறந்துவிடவில்லை! அந்துப்பூச்சி மாதிரி ரோமம் அடர்ந்த இறக்கைகளை விரித்து, இதய வடிவில் ஒட்டிக்கிடக்கும். பிறந்த இடம் நம் வீட்டுச் சாக்கடைக் குழாயின் உள்பக்கப் பாசி! மேலே தண்ணீர் ஊற்றினாலும் நனையாது, அந்த ரோமங்கள் தண்ணீரை ஒட்டவிடாது. மருந்து அடிப்பது வீண். குழாயைத் தேய்த்துக் கழுவினால் ஆள் காலி!

சமையல் கழிவைத் தொட்டியில் போட்டு உரம் ஆக்குகிறவர்கள் ஒருநாள் அலறுவார்கள். தொட்டிக்குள் கொழுகொழுவென்று புழுக்கள், மூடியில் கறுப்பாக ஒரு ‘குளவி’! பயப்படவே வேண்டாம். அது கறுப்புச் சிப்பாய் ஈ. வயிற்றின் தொடக்கத்தில் கண்ணாடி ஜன்னல் மாதிரி இரண்டு ஒளிபுகும் கட்டங்கள் இருக்கும், அதுதான் அடையாளம். வளர்ந்த ஈ உங்கள் சோற்றில் வந்து உட்காருவதில்லை. ஏன்? சாப்பாட்டு வேலையைப் பெரும்பாலும் புழுப் பருவத்திலேயே முடித்துவிடுகிறது! இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். இன்று இதன் புழுவைக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள்!

புறா வளர்க்கிறவர்களைக் கேளுங்கள். இறகுக்குள்ளிருந்து தட்டையான ஒரு ஈ நண்டு கணக்காகப் பக்கவாட்டில் ஓடும். நசுக்கினாலும் லேசில் சாகாது! இந்தக் குடும்பத்து ஈக்கள் முட்டையே இடுவதில்லை தெரியுமா? ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள் வைத்து, பால் மாதிரி ஒரு திரவம் ஊட்டி, முழுசாக வளர்த்து, கூட்டுப்புழு ஆகத் தயாராக வெளியே விடுகின்றன! ஈக்குக் கர்ப்பப்பை! ஈக்குத் தாய்ப்பால்!

தஞ்சாவூர் விவசாயிக்குத் தெரியாத ஈயா? நெல் பயிரின் குருத்து வெங்காயத்தாள் மாதிரி உருண்டு, வெள்ளியாய் மின்னினால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்: ஆனைக்கொம்பன்! பார்த்தால் கொசு, பேர் ஆனைக்கொம்பன்! ஈயைப் பார்க்காமல், அது செய்துவிட்டுப் போன வேலையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை இது.

மாம்பழத்தைக் கெடுக்கும் பழ ஈயின் கதை இதைவிட வேடிக்கை. பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்று ஒரு பூச்சியியலாளர். அண்டை வீட்டுக்காரர் கொசு வராமல் இருக்க சிட்ரோனெல்லா எண்ணெய் தடவிக்கொண்டார். கொசு போச்சு. ஆனால் பழ ஈ படையெடுத்து வந்துவிட்டது! அதிலும் வந்தது அத்தனையும் ஆண் ஈ! ஹவ்லெட் இதை ஆராய்ந்து 1912-ல் எழுதினார். மெத்தில் யூஜினால் என்ற பொருள்தான் இழுக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார். இன்று கிருஷ்ணகிரி மாந்தோப்பில் தொங்கும் பழ ஈப் பொறிக்குள் இருப்பது அதேதான்! நம் துளசியிலும் அது இருக்கிறது!

ஈயின் இறக்கையில் சிலந்தி!

பழ ஈக் குடும்பத்தில் சில ஈக்களின் இறக்கையில் கறுப்புக் கோடுகள் இருக்கும். இறக்கையைத் தூக்கி ஆட்டினால், குதிக்கும் சிலந்தி ஒன்று காலை ஆட்டி மிரட்டுவது மாதிரியே தெரியும்! இரை தேடி வந்த நிஜச் சிலந்தி பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் போய்விடுகிறது! இதைச் சோதிக்க ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டு ஈயின் இறக்கையை வெட்டி இந்த ஈக்கு ஒட்டினார்கள். இதன் இறக்கையை வீட்டு ஈக்கு ஒட்டினார்கள்! ஈக்கு உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை! இறக்கை மாறிய ஈயைச் சிலந்தி தின்றது. கோடு இருந்தும் ஆட்டத் தெரியாத வீட்டு ஈயையும் தின்றது. கோடும் வேண்டும், ஆட்டமும் வேண்டும்! 1987-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் காணப்படும் இன்னொரு பழ ஈக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எறும்பு ‘படங்கள்’! தலை, இடுப்பு, கால் எல்லாம் உண்டு!

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா? ஒருவரால் முடிந்தது! பின்லாந்தின் ஓலவி சோட்டவால்டா. எந்தச் சுரமானாலும் கேட்டதும் சொல்லும் காது அவருக்கு. பூச்சி பறக்கும் ரீங்காரத்தைக் கேட்டே இறக்கை எத்தனை தடவை அடிக்கிறது என்று சொல்லிவிடுவார்! அவர் அளந்ததில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டி ஈ நொடிக்கு 1,046 தடவை அடித்தது! அதன் சொந்தக்காரர்கள்தான் கொக்கோ பூவில் மகரந்தச் சேர்க்கை நடத்துகிறார்கள். அந்த ஈ இல்லையென்றால் சாக்லேட்டும் கிடையாது!

நம் நாட்டு ஈக்களைப் பட்டியல் போட்டவரும் இசைக்காரர்தான் என்பது தெரியுமா? என்ரிக்கோ புருனெட்டி, பிரிட்டிஷ் இசைக் கலைஞர். 1904-ல் கல்கத்தாவுக்கு வந்தார், ஈக்களிடம் மாட்டிக்கொண்டார்! பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல் வரிசையில் ஈக்களுக்கென்று 1912, 1920, 1923-ல் மூன்று தொகுதிகள் எழுதித் தள்ளினார்!

சரி, நிபுணர்கள் ஏமாறுவதே இல்லையா? டவுன்செண்ட் என்ற ஈ நிபுணர் 1927-ல் ஒரு போடு போட்டார். மான் மூக்கில் புழு விடும் ஒரு ஈ மணிக்கு 1,300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறதாம்! ஒலியைவிட வேகம்! பத்தாண்டுக்கு மேல் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1938-ல் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்த வேகத்துக்கு அந்த ஈ தன் எடையைப் போல ஒன்றரை மடங்கு உணவை ஒவ்வொரு நொடியும் தின்ன வேண்டும்! மேலே மோதினால் துப்பாக்கிக் குண்டாகத் துளைத்துக்கொண்டு போகும்! நிஜ வேகம்? மணிக்கு 40 கிலோமீட்டர்தான்!

எங்கேதான் இல்லை இந்த ஈ! கலிபோர்னியாவில் கச்சா எண்ணெய் ஊறும் குட்டைக்குள்ளேயே நீந்தி வளர்கிறது ஒரு ஈயின் புழு! எண்ணெயில் விழுந்து சாகும் பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு. வளர்ந்த ஈ அந்த எண்ணெய் மேலேயே நடக்கும். பாதம் தவிர வேறு எது பட்டாலும் ஒட்டிக்கொண்டு சாகும்! அண்டார்க்டிகாவில் ஆண்டு முழுக்கத் தரையிலேயே வாழும் பூர்வீக விலங்குகளில் மிகப் பெரியது எது? பெங்குவினா? அது கடல்வாசி! விடை, இறக்கையே இல்லாத ஒரு ஈ. நீளம் 2 முதல் 6 மில்லிமீட்டர்! ஆப்பிரிக்காவில் பாறைக் குட்டை வற்றினால் முழுசாகக் காய்ந்து போகும் ஒரு ஈப் புழு உண்டு. 17 ஆண்டு காய்ந்து கிடந்த பிறகு தண்ணீர் பட்டதும் எழுந்து நெளிந்தது!

பேரே இல்லாத ஈயா?

இருக்கிறது, அதுவும் பட்டணத்து நடுவில்! லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழுவினர் நகரத்தில் சாதாரண வீடுகளின் கொல்லையில் வலைப் பொறி வைத்தார்கள். அகப்பட்ட குட்டி ஈக்களில் எத்தனை புது இனங்கள் தெரியுமா? 30! காடு இல்லை, மலை இல்லை, துணி காயப்போடும் கொல்லை! 2015-ல் அறிவித்தார்கள்.

அதே 2015-ல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்று செய்தியானது. தச்சுத் தேனீ வேஷம் போட்ட ஈ. அதற்கு ‘மார்லிமியா சைலோகோப்பே’ என்று அறிவியல் பெயரே வைத்துவிட்டார்கள். எதை வைத்து? வெறும் புகைப்படங்களை வைத்து! பிடித்துப் பாதுகாத்த உடல் ஒன்றுகூடக் கையில் கிடையாது! பூச்சியியல் உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே இதுதான் பெரிய ஆச்சரியம். நூறு ஆண்டுக்கு முன் வலையும் குண்டூசியும் செய்த வேலையை ஒரு கேமரா செய்துவிட்டது!

அதனால் கையில் கைபேசி இருந்தால் மூன்று படம் எடுத்துவிடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று. இறக்கை நரம்பு தெரிய வேண்டும், உணர்கொம்பு தெரிய வேண்டும். உணர்கொம்பு நீளமாகப் பல கணுக்களோடு இருந்தால் கொசுப் பக்கத்துச் சொந்தம். குட்டையாக, ஒற்றை மயிரோடு இருந்தால் வீட்டு ஈப் பக்கத்துச் சொந்தம். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி செயலியில் ஏற்றினால், எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஈப் பைத்தியம் ஒருவர் வந்து பதில் சொல்வார்! அந்தச் செயலியே 2008-ல் அமெரிக்காவில் மாணவர்கள் செய்த படிப்புத் திட்டமாகத்தான் தொடங்கியது தெரியுமா?

ஆனால் எல்லா ஈயும் ஈ மாதிரியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்! கென்யாவில் ஒரு பாறைப் பிளவு. உள்ளே வௌவால்கள். அவற்றின் எச்சத்தில் வாழ்கிறது உடலெல்லாம் மஞ்சள் ரோமம் மண்டிய ஒரு ஈ. பறக்கத் தெரியாது, பார்த்தால் சிலந்தி என்றே சொல்வீர்கள்! ‘பயங்கர ரோம ஈ’ என்றே அழைக்கிறார்கள். 1933-ல் ஒருமுறை கிடைத்தது, 1948-ல் ஒருமுறை. அப்புறம் ஆளையே காணோம்! 2010-ல் தேடிப் போனால், அதே பாறை, அதே பிளவு, அங்கேயேதான் இருக்கிறது!

உலகிலேயே பெரிய ஈ பிரேசிலில் இருக்கிறது. உடல் மட்டும் 7 செ.மீ., இறக்கை விரித்தால் 10 செ.மீ.! சிறிய ஈயும் அதே பிரேசிலில்தான். 0.395 மில்லிமீட்டர்! ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு ஈக்களை வரிசையாக நிறுத்தி, மிச்ச இடமும் வைக்கலாம்! அந்தப் பொடியனுக்கு 2018-ல் யார் பெயரை வைத்தார்கள் தெரியுமா? அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர்! முன்னங்கால்கள் அவ்வளவு புடைத்து இருக்கின்றனவாம்!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வயிற்றில் தங்க நிற ரோமம் மின்னும் ஒரு குதிரை ஈக்கு 2011-ல் பாடகி பியான்சேயின் பெயர்! அந்த ஈயைப் பிடித்தது 1981-ல், அவர் பிறந்த அதே ஆண்டில்!

ஹவாய் தீவுகளில் ஒரு நீளக்கால் ஈக்குச் சார்லி சாப்ளின் பெயர். சிரிக்க வைத்ததா? இல்லை! அது செத்ததும் நடுக்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து கிடக்குமாம்!